பரணில் கிடக்கும் சிரிப்பு

நியூயார்க்கில் வேவர்லி இன் என்றொரு பழைய உணவகம். அதன் மேசை ஒன்றில் அறுபதை எட்டிய பெண்மணி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். ஆண்கள் போடுவது போன்ற கோட்டு, வெள்ளைச் சட்டை. எதிரே இருப்பவர் சின்னதாக ஏதோ கேட்கிறார். அம்மையார் பிடித்துக்கொள்கிறார். தான் வாழும் நகரத்தைச் சாடுகிறார், புகழைத் தேடி அலைகிறவர்களைச் சாடுகிறார், எழுத்தாளர்களைச் சாடுகிறார், கடைசியில் தன்னையும் விட்டுவைக்கவில்லை. இடையிடையே அவர் பழைய கார் ஒன்றை ஓட்டிப் போகிறார், மேடையேறிப் பேசுகிறார், சிறுவயதில் டிவியில் பார்த்து வியந்த எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் பேட்டித் துண்டு ஒன்று வந்து போகிறது. 84 நிமிடப் படம் ஏறக்குறைய இவ்வளவுதான். மார்ட்டின் ஸ்கார்செஸி 2010-ல் எடுத்த இந்த ஆவணப்படத்தின் பெயர் ‘பப்ளிக் ஸ்பீக்கிங்’. படத்தின் நாயகி ஃபிரான் லெபோவிட்ஸ்.

துப்பாக்கிச் சத்தத்துக்கும் தாதாக்களுக்கும் பேர்போன இயக்குநர், ஒரு மனுஷி பேசுவதை மட்டும் நம்பிப் படம் எடுத்தார். விமர்சகர்கள் மனம் திறந்து பாராட்டினார்கள். பதினோரு ஆண்டு கழித்து, 2021 ஜனவரியில், அதே இருவரும் சேர்ந்து நெட்ஃபிளிக்ஸுக்காக ஏழு பாகத் தொடர் ஒன்றைக் கொடுத்தார்கள். ‘பிரிடெண்ட் இட்ஸ் எ சிட்டி’ என்ற அந்தத் தொடர் எம்மி விருதின் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. கொரோனாவால் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம் அது. செல்போன் வைத்துக்கொள்ளாத, கம்ப்யூட்டர் தொடாத ஒருவர் தெருவில் நடப்பதைப் பற்றிப் புலம்புவதை உலகம் ஆசையாகக் கேட்டது. ஸ்கார்செஸி ரொம்பவும் சிரிக்கிறார் என்று குறைப்பட்ட விமர்சகர்களும் உண்டு. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் படமே இல்லை. நகைச்சுவையாகப் பேசுகிறவருக்கு எதிரே சிரிக்கத் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் சரியாகப் புரிந்துகொண்டதுதான் அந்த இயக்குநரின் பெரிய சாதனை.

லெபோவிட்ஸ் எழுதிக் குவித்தவர் இல்லை. 1978-ல் ஒரு கட்டுரைத் தொகுப்பு, 1981-ல் இன்னொன்று. அதற்குப் பிறகு 1994-ல் குழந்தைகளுக்காக ஒரு புத்தகம். அவ்வளவுதான். எழுத முடியாமல் போனதைப் பற்றி அவரே ஒளிவுமறைவின்றிப் பேசுகிறார். ஆனால் எழுதாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறார். அந்தப் பேச்சு காற்றோடு போகாமல் படத்தில் நிற்கிறது. விமர்சகர்களின் பாராட்டில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது.

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இந்தப் படங்களைப் பார்க்கிறவருக்கு ஒரு பொருமல் வராமல் இருக்காது. நக்கலும் குசும்பும் நமக்குப் பஞ்சமா என்ன? டீக்கடை பெஞ்சில் தொடங்கி விடிய விடிய நடக்கும் கலை இரவு மேடை வரை பேச்சாலேயே ஊரைக் கட்டிப்போட்டவர்கள் இருந்த மண் இது. அவர்கள் எழுதியது கையில் இருக்கிறது. அவர்கள் பேசியது எங்கே?

அதைத் தேடுவதற்கு முன்னால் பக்கத்து மாநிலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். கேரளத்தில் 1987-லேயே இந்த வேலையை ஒருவர் செய்து முடித்துவிட்டார். காசர்கோடு பகுதியைச் சேர்ந்த எம்.ஏ. ரஹ்மான், வைக்கம் முகம்மது பஷீரை வைத்து ‘பஷீர் தி மேன்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். சிறந்த வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பஷீருக்கு அப்போது எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின் ஏழாண்டுகள்தான் இருந்தார். 1994 ஜூலை 5-ல் காலமானார்.

பஷீரைத் தமிழ் வாசகருக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாத்துமாவின் ஆட்டையும் உப்பப்பாவின் ஆனையையும் மொழிபெயர்ப்பாளர் குளச்சல் மு. யூசுப் நம் வீட்டு வாசல் வரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார். மனநலச் சிகிச்சையில் இருந்த நாட்களில், வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் ஒரு ஆடும் சேர்ந்து அடிக்கிற கூத்தை எழுதிவைத்த மனிதர் அவர். அதைத் தமாஷ் கதை என்றே தானும் சொல்லிக்கொண்டார். உப்புச் சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர், வருஷக்கணக்கில் தேசாந்திரியாக அலைந்தவர், பசியில் வாடியவர். அத்தனை துயரத்தையும் அவர் சிரிப்பாகத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பு பேப்பூர் வீட்டு மாங்குஸ்தான் மரத்தடியில்தான் இருந்தது. சாய்வு நாற்காலி, பக்கத்தில் கிராமபோன், பாடகர் சைகாலின் பாட்டு, கையில் பீடி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சுலைமானி தேநீர். அமைச்சரும் வருவார், பள்ளிக்கூடப் பையனும் வருவான். எல்லோரிடமும் ஒரே பேச்சு. பஷீரைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். அந்த மரத்தடிக்குப் போய்க் கேட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். ரஹ்மானின் கேமரா, போக முடியாதவர்களையும் அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தது. இன்று பஷீரின் பிறந்த நாள், நினைவு நாள் எது வந்தாலும் மலையாளிகள் அவரைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். எழுத்தாளர் கண்ணெதிரே இருக்கும்போதே ஒருவருக்குப் படமெடுக்கத் தோன்றியதன் பலன் இது.

அதே 1987-ல் கல்கத்தாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் விளங்கும். வங்காளக் குழந்தைகளை மூன்று தலைமுறையாகச் சிரிக்க வைத்த சுகுமார் ராய்க்கு அது நூற்றாண்டு. மேற்கு வங்க அரசுக்காக முப்பது நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்தவர் அவருடைய மகன் சத்யஜித் ராய். 1983-ல் மாரடைப்பு வந்து உடல் தளர்ந்திருந்த ராய், அந்த நிலையிலும் இந்த வேலையை விடவில்லை.

உலகம் போற்றும் இயக்குநர்; சொந்தத் தகப்பனாரைப் பற்றிய படம். ஆனால் அவர் கையில் என்ன இருந்தது? சுகுமார் காலா அசார் காய்ச்சலில் 1923 செப்டம்பர் 10-ல் இறந்துபோனார். வயது 35. அவருடைய புகழ்பெற்ற ‘ஆபோல் தாபோல்’ அச்சாகி வெளிவந்ததே அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான். மகனுக்கு அப்போது இரண்டு வயது. அப்பா எப்படிப் பேசுவார் என்ற நினைவு அந்த வயதுக் குழந்தைக்கு எங்கே இருக்கும்! சினிமாத் துண்டு இல்லை. ஆகவே ராய் பழைய புகைப்படங்களை வைத்தார், சுகுமார் வரைந்த விசித்திர விலங்குகளை வைத்தார், கையெழுத்துப் பிரதிகளை வைத்தார். சௌமித்ர சட்டர்ஜி வர்ணனை சொன்னார். அப்பா எழுதிய நகைச்சுவை நாடகங்களின் காட்சிகளை உத்பல் தத் போன்ற நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. விமர்சகர்களும் அப்படியே சொன்னார்கள். ஆனால் சுகுமார் ராய் என்ற மனிதர் வாய் திறந்து பேசும் ஒரு விநாடிகூட அதில் இல்லை. சத்யஜித் ராயாலேயே முடியாத ஒன்றை, பஷீரின் வீட்டுக்குக் கேமராவோடு போன ஒரு வாத்தியாரால் செய்ய முடிந்தது. காரணம் திறமை அல்ல, காலம். ரஹ்மான் நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

சுகுமாரைப் பற்றிப் பேசும்போது திருமயம் பக்கத்து ராயவரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த ஊர். 1922 நவம்பரில் பிறந்து 1989-ல் மறைந்தவர். அவருடைய ‘மலரும் உள்ளம்’ வெளிவந்த 1944-லும் அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் புதுக்கோட்டையில் சிறுவர் பத்திரிகைகள் முளைத்த வேகம் தமிழில் வேறெந்த ஊரும் பார்க்காதது. ‘டமாரம்’, ‘டிங்டாங்’ என்று பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்தது. பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. அவற்றை நடத்தியவர்கள் பிழைப்பைப் பார்க்கச் சென்னைக்கும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். வள்ளியப்பா 1980-களின் கடைசி வரை நம்மோடு இருந்தவர். கேமராவும் வீடியோவும் வந்துவிட்ட காலம். இரண்டு வயதில் அப்பாவை இழந்த ராய்க்குக் கிடைக்காத வாய்ப்பு நமக்குக் கிடைத்திருந்தது.

தமிழில் யாருமே முயலவில்லை என்று சொன்னால் அது பெரிய தவறு. ரவிசுப்பிரமணியன் ஜெயகாந்தனைப் படமாக்கினார், இளையராஜா தயாரித்தார். ஜெயகாந்தன் சபையில் பேசுவது எப்படி இருக்கும் என்று கேட்கிற இளைஞனுக்கு இன்று காட்டுவதற்கு அந்தப் படம் இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதியையும் மா. அரங்கநாதனையும் அதே இயக்குநர் பதிவு செய்தார். ஆர்.வி. ரமணி சுந்தர ராமசாமியை ‘நீ யார்’ என்ற படமாக்கினார். அம்ஷன் குமார் அசோகமித்திரனை எடுத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் நகைச்சுவை சொல்லத் தெரிந்தவர் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டுடியோ நாட்களைப் பற்றி அவர் எழுதியதை மத்தியக் கல்வி வாரியப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் இன்றும் பாடமாகப் படித்துச் சிரிக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் வார்த்தைகளைக் கேட்டால்தான் அந்தச் சிரிப்பின் முழு ருசி தெரியும்.

கி. ராஜநாராயணனின் கதை இன்னும் கொழுப்பானது. மழைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவன், அங்கேயும் மழையைத்தான் வேடிக்கை பார்த்தேன் என்று தன் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்ட மனிதர். அவரைத்தான் புதுவைப் பல்கலைக்கழகம் 1989-ல் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. கிராமத்தில் பெரியவர்கள் பிள்ளைகளை விரட்டிவிட்டுச் சொல்லும் கதைகளையும் கூச்சமில்லாமல் சேகரித்து அச்சேற்றினார். 98 வயது வரை இருந்து 2021 மே மாதம் புதுச்சேரியில் மறைந்தார். புகைப்படக் கலைஞர் புதுவை இளவேனில் அவரைப் பல ஆண்டுகள் நிழல்போலத் தொடர்ந்து படம் எடுத்தார். ‘இடைசெவல்’ என்ற ஆவணப்படத்தையும் எடுத்தார். கி.ரா. விஷயத்தில் தமிழ்நாடு பிழைத்துக்கொண்டது. அவர் நீண்ட நாள் வாழ்ந்ததும், பக்கத்தில் கேமராவோடு ஓர் அன்பர் இருந்ததும் நம் அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்தை நம்பி ஓர் இலக்கியம் இருக்கலாமா என்பதுதான் கவலை. புதுமைப்பித்தனைவிட நக்கலாக எழுதியவர் தமிழில் இல்லை. 1948-ல் 42 வயதில் போய்விட்டார். அவர் பேச்சை நாம் கேட்பது எழுத்தாளர் ரகுநாதன் 1951-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகத்தான். அது 1948. ஒலிப்பதிவு பெரிய ஸ்டுடியோக்காரர்கள் கையில் இருந்த காலம், ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் 1990-களில் நடந்ததற்கும் 2000-க்குப் பிறகு நடந்ததற்கும் அந்தச் சமாதானம் சொல்ல முடியாது.

இங்கே வந்து நிற்கிற பெயர் கந்தர்வன்.

இயற்பெயர் நாகலிங்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர். கருவூலத் துறையில் வேலை. புதுக்கோட்டைதான் அவருடைய ஊர் என்று எல்லோரும் நினைக்கிற அளவுக்கு இங்கே வேர்விட்டு வாழ்ந்தார். அரசு ஊழியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்க (தமுஎச) மேடைகளின் நாயகர்களில் ஒருவர். கவிதை வாசித்தாலும் சரி, கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் பேசினாலும் சரி, கூட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். நாளும் கிழமையும் நலிந்தோர்க்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் பெண்களுக்கு இல்லை என்ற அவருடைய கவிதை, எழுதியவர் பெயர் தெரியாதவர்கள் வாயில்கூட இன்றும் புழங்குகிறது.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் அவருடைய ‘தண்ணீர்’ கதை இருக்கிறது. பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் பெண்கள் குடத்தோடு பெட்டிக்குள் ஏறிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துக்கொண்டு நின்ற இந்திராவோடு ரயில் கிளம்பிவிடுகிறது. ஊரே பதறுகிறது, தேடுகிறது. அவளோ தண்டவாளத்தின் மேலேயே நடந்து குடத்தோடு திரும்பி வருகிறாள். படிக்கிறவருக்கு முதலில் ஒரு சிரிப்பு வருகிறது. அடுத்த நொடியில் தொண்டை அடைக்கிறது. சிரிப்பையும் துக்கத்தையும் இவ்வளவு நெருக்கமாக வைத்துப் பின்னுவது மேடையில் பேசிப் பேசிப் பழகிய ஆளுக்குத்தான் கைகூடும். எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரே இருப்பவர் மூச்சைப் பிடிப்பார் என்பது கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அவருடைய ‘சாசனம்’ கதையை இயக்குநர் மகேந்திரன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காகப் படமாக்கினார். தயாரிப்பு இழுத்துக்கொண்டே போய் 2006-ல்தான் திரைக்கு வந்தது. கந்தர்வன் 2004-லேயே மறைந்துவிட்டார். வயது அறுபது. கதையைச் சினிமாவாக எடுக்கத் தெரிந்த காலம் அது. கதை சொன்னவரின் எதிரே ஒரு கேமராவை வைத்து, சும்மா இரண்டு மணி நேரம் பேசுங்கள் தோழர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சிறுகதை சினிமாவாவதற்கு ஆன செலவில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

இன்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அறந்தாங்கிப் பிள்ளைக்கோ கீரனூர்ப் பிள்ளைக்கோ, இந்தக் கதையை எழுதியவர் நம் மாவட்டத்துத் தெருக்களில் நடந்தவர், இதோ இப்படித்தான் பேசுவார் என்று வகுப்பறைத் திரையில் பத்து நிமிடம் காட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பாடத்தின் கடைசியில் இருக்கும் ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற நாலு வரி, மனுஷனாக எழுந்து நடமாடும்.

அந்தப் பத்து நிமிடம் எங்கோ இருக்கக்கூடும். இந்தக் கட்டுரையின் முழு அக்கறையும் அதில்தான். 1980-களின் பின்பாதியிலிருந்து புதுக்கோட்டை ராஜ வீதிகளிலும் ஆலங்குடி, பொன்னமராவதி போன்ற ஊர்களிலும் வீடியோ ஸ்டுடியோக்கள் வந்தன. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு, சங்கத்துப் பேரணி எல்லாவற்றுக்கும் தோளில் கேமராவோடு ஆள் வந்தார். வாழ்த்துரை வழங்க வந்த எழுத்தாளரும் அந்தக் கேசட்டில் இருக்கிறார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையைக் கிண்டலடித்த கவிஞரும் இருக்கிறார். 1991-ல் இந்த மாவட்டத்தையே உலுக்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தெருத் தெருவாகப் பாடியவர்களும் பேசியவர்களும் அதே தலைமுறைக் கேசட்டுகளிலும் டேப்புகளிலும்தான் இருக்க வேண்டும். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் புத்தகத்தில் எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். அந்த மேடைகளில் பறந்த கேலிப் பேச்சை யார் சொல்வது?

அந்தக் கேசட்டுகள் இப்போது பரணில் கிடக்கின்றன. சில இரும்பு பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைக்குக் கீழே கிடக்கின்றன. வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்க, நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. காந்தப் பூச்சு உதிர்கிறது. நாடா நன்றாகவே இருந்தாலும் போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. வீடியோ கேசட் ரிக்கார்டர் செய்துவந்த உலகின் கடைசித் தொழிற்சாலை 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ரிப்பேர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். யுனெஸ்கோவும் ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து 2019-ல் உலகம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விட்டன. காந்த நாடாவில் இருக்கும் எதையும் 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அவற்றை ஓட்டிப் பார்ப்பதே அரிதாகிவிடும் என்றன. கெடு தாண்டிவிட்டது. வீடு மாறும்போதும், வெள்ளையடிக்கும்போதும், பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதும் பழைய இரும்புக் கடைக்காரர் சாக்கில் விழுகிற கேசட்டுகளில் யார் யார் குரல் போகிறதோ, யாருக்குத் தெரியும்?

குடுமியான்மலைக்குப் போனால் குகைக் கோயிலின் பக்கத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டைப் பார்க்கலாம். ஸ்வரங்களை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் இசைக்கென்று கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அதன் முன்னால் நிற்கிறார்கள். ஸ்வரம் இருக்கிறது, பாடியவரின் குரல் எப்படிக் குழைந்தது, எங்கே நின்றது என்று பாறை சொல்லவில்லை. அந்தக் காலத்தவர் தங்களிடம் இருந்த மிக உறுதியான பொருளில், தங்களால் முடிந்ததைப் பதிந்தார்கள். நம் சட்டைப் பையில் கேமரா இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்குச் சேகரிப்பது புதிதும் இல்லை. திருக்கோகர்ணத்தில் ‘ஞானாலயா’ இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து உண்டாக்கிய ஆய்வு நூலகம் அது. முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் தேடி வெளிநாட்டிலிருந்துகூட ஆய்வாளர்கள் வருகிறார்கள். காகிதத்துக்கு இரண்டு தனி மனிதர்கள் செய்த இந்த வேலையைக் குரலுக்கும் முகத்துக்கும் செய்ய இன்னும் இரண்டு பேர் கிளம்பினால் போதும்.

எழுத்தாளனை அவன் எழுத்தில் பார்த்தால் போதாதா, முகம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாவலாசிரியருக்கு அது பொருந்தலாம். வாயால் வாழ்ந்த நகைச்சுவைக்காரருக்குப் பொருந்தாது.

படம் எடுக்கத் துணிகிறவர்கள் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஆவணப்படங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை. ஊர்ப் பெயர்ப் பலகை, பின்னணியில் வீணை, பூர்வீக வீட்டுத் திண்ணை, வாங்கிய விருதுகளின் அணிவகுப்பு. பிறகு பத்துப் பேர் வரிசையாக வந்து அவர் பெரிய மனிதர், எளிமையானவர், தமிழுக்குக் கிடைத்த கொடை என்று புகழ்வார்கள். அம்பது நிமிடப் படத்தில் எழுத்தாளர் பேசுவது எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்திலும் அவரிடம் கேட்பது, உங்கள் இலக்கியப் பயணம் எப்படித் தொடங்கியது என்பது. இந்தக் கேள்விக்கு எந்தக் குசும்புக்காரரும் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்வார். நேற்று பஸ்ஸில் யாரோடு சண்டை போட்டீர்கள், ஆபீஸில் உங்களுக்கு மெமோ கொடுத்த அதிகாரி எப்படிப்பட்டவர், கல்யாணச் சாப்பாட்டில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று கேட்க வேண்டும். ஸ்கார்செஸி கேட்டதும் அப்படிப்பட்ட சில்லறைக் கேள்விகளைத்தான். கேட்டுவிட்டு, பதிலை வெட்டாமல் விட்டார். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வருகிற மௌனத்தையும் வெட்டவில்லை. சிரிப்பு பிறப்பதே அந்த மௌனத்தில்தான் என்பதால், எடிட்டிங் மேசையில் அதைக் கத்தரிக்கிறவர் படத்தின் உயிரையே கத்தரிக்கிறார்.

எதிரே உட்காருகிறவரும் முக்கியம். டிவி நிருபரைப்போலப் பணிவாகத் தலையாட்டுகிறவர் வேண்டாம். கூடவே மேடையேறியவர், வீட்டுக்குள் உரிமையோடு போய்த் தண்ணீர் மொண்டு குடிக்கிறவர், ‘யோவ், அன்னைக்கு நீ சொன்னது பொய்தானே’ என்று மறிக்கிறவர் வேண்டும். அப்படி ஒரு கூட்டாளி கிடைத்தால் எழுபது வயதுக்காரருக்கும் இருபது வயதுக் குறும்பு வந்துவிடும்.

செலவு ஒரு பொருட்டே அல்ல. ரஹ்மான் படமெடுத்த காலத்தில் பிலிம் சுருள் வாங்கி, லேபில் கழுவி, ஒலி சேர்க்க வேண்டியிருந்தது. இன்று கல்லூரி மாணவர் கையில் இருக்கும் போனும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக்கும் போதும். ஃபேனை அணைத்துவிட்டு, தெருச் சத்தம் குறைந்த அறையில், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. எடுத்ததை மூன்று இடங்களில் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். பெயர் எழுதாத கேசட்டுகள் செய்த சேதத்தை இன்னொரு தலைமுறைக்குக் கடத்தக் கூடாது.

பழையதை மீட்பது கொஞ்சம் கடினம், ஆனாலும் முடிகிற காரியம். பூஞ்சை படிந்த கேசட்டை ஆர்வத்தில் உடனே கருவியில் போட்டு ஓட்டக் கூடாது. நாடா அறுந்துவிடும், கருவியின் ஹெட்டும் கெட்டுவிடும். அதைத் தனியாக உலர்ந்த இடத்தில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, ஒரே ஓட்டத்தில் டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு ஓட்டத்துக்கு மேல் சில நாடாக்கள் தாங்காது. கேசட்டின் முதுகில் ‘அண்ணன் கல்யாணம்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் தூக்கி எறியாமல் வாழ்த்துரைப் பகுதி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டையில் புத்தகத் திருவிழா நடக்கிறது. மாவட்டம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அங்கே ஒரு மூலையில் ஒரே ஒரு மேசை போட்டு, இயங்குகிற பழைய கேசட் பிளேயர் ஒன்றையும் லேப்டாப்பையும் வைத்து, ‘உங்கள் வீட்டுப் பழைய கேசட்டைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம், எழுத்தாளர்கள் பேசிய பகுதிக்கு மட்டும் ஒரு பிரதி எங்களுக்குக் கொடுங்கள்’ என்று எழுதி வைக்கலாம். கல்யாணம் மீண்டும் கிடைக்கிறது என்றால் ஜனங்கள் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். கந்தர்வனோடு மேடையேறியவர்கள், அவரோடு கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அறிவொளித் தொண்டர்களாக இருந்தவர்கள் இன்னும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். கேசட்டில் வருகிற முகம் யார் என்று பார்த்தவுடன் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மேசையின் இந்தப் பக்கம் அவர்களில் இருவரை உட்கார வைக்க வேண்டும். மாற்றும் வேலை நடக்கும்போது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் ஒரு போனில் பதிவு செய்துகொள்ளலாம்.